இப்போதைக்கு இடது எஞ்சின்

சிஸ்டர்,

இன்று காலை படகுத்துறையில் டூல் பெட்டியைக் கிளறும்போது, ஸ்பேனர்களுக்கு அடியில் பழைய பனியன் துணியில் சுற்றிவைத்த உங்கள் ஸ்டெதாஸ்கோப் கையில் தட்டுப்பட்டது. துணியைப் பிரித்ததும் ஸ்பிரிட்டும் டூ-ஸ்ட்ரோக் ஆயிலும் கலந்த அந்த வாசம். இந்த மலைக்கே ஊசி போட்டுவிட்டு, மிச்ச நேரத்தில் எஞ்சினைப் பிரித்துப் போட்டு உட்கார்ந்திருந்த நர்ஸின் மேல்தான் அப்படி ஒரு வாசம் அடிக்க முடியும். கொஞ்ச நேரம் அதைப் பிடித்துக்கொண்டு நின்றேன். நின்றுகொண்டே இருந்தால் வேலை ஆகாது என்று கழுத்தில் மாட்டிக்கொண்டு படகில் ஏறினேன். இப்போதுதான் வீட்டுக்கு வந்து எழுத உட்கார்ந்திருக்கிறேன்.

படகு விஷயத்தில் ஒரு முடிவு எடுத்துவிட்டேன். உங்களுக்குப் பிடிக்காத முடிவு. பிடித்த முடிவாக இருந்திருந்தால் மனசுக்குள் சொல்லிவிட்டுப் போயிருப்பேன். பிடிக்காது என்பதால்தான் இத்தனை பக்கம்.

ஐப்பசி மழையில் நீங்கள் போய்ச் சேர்ந்தீர்கள். அதன்பிறகு படகின் தார்ப்பாயை நான் தூக்கிப் பார்க்கவில்லை. மிளகு அறுவடை, பலாச் சீசன் என்று ஓடினேன். வேலை இருந்தது உண்மை. வேலை இல்லாமல் இருந்தாலும் போயிருக்க மாட்டேன் என்பதும் உண்மை. சித்திரையில் தார்ப்பாயை எடுத்து எஞ்சினைத் தட்டினால், வலது பக்கத்து எஞ்சின் இருமக்கூட இல்லை. இடது பக்கத்தது கிளம்பி, கறுப்பாகப் புகையைக் கக்கி நின்றுவிட்டது. ஏரியில் மோட்டார் படகு விடுகிற குத்தகை நம் பேரில் இருக்கிறதே, அதில் ஒரு நிபந்தனை உண்டு: ஆடி மாசம் ஏரிக்கு வருகிற கூட்டத்துக்குப் படகு ஓடியாக வேண்டும். ஓடவில்லையென்றால் குத்தகை கைமாறிவிடும்.

அந்தப் புகையை யார் பார்த்தார்கள் என்று நினைக்கிறீர்கள்? புதிதாக ரிசார்ட் கட்டியிருக்கிற நாமக்கல்காரர். மறுநாளே வந்து நின்றார். படகின் வயிற்றைத் தட்டிப் பார்த்தார். நாட்டுமாட்டுச் சந்தையில் பல்லைப் பிடித்துப் பார்க்கிற மாதிரி.

"ஏனுங்கம்மா, எஞ்சினைக் கழட்டி இரும்புக் கடைல போட்டுருங்க. படகை மட்டும் எனக்குக் குடுங்க. புல்தரைல நிறுத்தி, உள்ள மண்ணைக் கொட்டிப் பூச்செடி வெச்சுட்டா, வாரவங்க பக்கத்துல நின்னு செல்பி எடுப்பாங்க."

"செரிங்க. உங்க காரையும் கொண்டாந்து உடுங்க. நான் தக்காளி நட்டுத் தாரேன்."

அவர் சிரித்துக்கொண்டே போனார். திரும்பி வருவேன் என்கிற சிரிப்பு அது. என் மகனுக்கு அவர் சொன்னது நியாயமாகப் பட்டது. "ஏம்மா, சிஸ்டரே போயிட்டாங்க. இன்னும் எதுக்கு இந்தக் கப்பல்?" என்றான். சாப்பிட்டுவிட்டு ஊருக்குக் கிளம்பு கண்ணு என்றேன். கோபம் அவன்மேல் இல்லை. கடலைப் பார்த்து வளர்ந்த ஒருத்தியின் படகில் கனகாம்பரம் பூக்கிற காட்சி கண்ணுக்குள் வந்துவிட்டது. அதன்மேல்தான் கோபம்.

நாம் முதல்முதலாகப் பார்த்துக்கொண்டது ஞாபகம் இருக்கிறதா? மொபட்டில் பலாப்பழம் ஏற்றி மலை இறங்கிக்கொண்டிருந்த காலம். ஒரு வளைவில் நான் ஒரு பக்கம், பழம் ஒரு பக்கம். முழங்கை பிளந்து ஆஸ்பத்திரிக்கு வந்தால், நீங்கள் தையல் போட்டுக்கொண்டே பழத்தை என்ன விலைக்கு எடுத்தேன் என்று விசாரித்தீர்கள். சொன்னேன். "கூட்டி வாங்கியிருக்க ஏட்டி, அதான் விழுந்திருக்க" என்றீர்கள். வலியோடு சிரித்தேன். மரத்துப்போகிற மருந்து குறைவாகப் போட்டீர்கள் என்று இன்றைக்கும் எனக்கு ஒரு சந்தேகம்.

நீங்கள் ரிட்டயர் ஆனதும் உங்கள் ஊர்க்காரர்கள் வேன் எடுத்துக்கொண்டு வந்தார்கள். கடற்கரையில் வீடு இருக்கிறது, கோயில் பக்கம், வாருங்கள் என்றார்கள். நீங்கள் போகவில்லை. "அங்க தண்ணி இருக்கு, ஆளு இல்ல. இங்க ஆளு இருக்கு, தண்ணிதான் கொஞ்சம் கம்மி" என்று என்னிடம் சொன்னீர்கள். கொஞ்ச நாளில், இருக்கிற தண்ணீரில் ஒரு மோட்டார் படகு விடலாமா என்று கேட்டீர்கள். பெடல் படகுகள் மட்டும் மெத்தனமாகச் சுற்றிக்கொண்டிருந்த ஏரியைப் பார்த்து நான் கணக்குப் போட்டேன். சரிப்பட்டு வரும் என்று தோன்றியது. ஆசை உங்களுடையது, கணக்கு என்னுடையது. ஆளுக்குப் பாதி.

உங்கள் கடற்கரைப் பக்கமே போய்ப் பழைய படகு ஒன்றைப் பார்த்தோம். சுற்றுலாக்காரர்களை ஏற்றி ஓய்ந்த கண்ணாடியிழைப் படகு, பின்பலகையில் ஜோடி எஞ்சின். விற்கிறவன் நம் இரண்டு பேரையும் பார்த்துவிட்டு, வீட்டில் ஆம்பிளைகள் வரவில்லையா என்று கேட்டான். நீங்கள் பையிலிருந்து ஸ்டெதாஸ்கோப்பை எடுத்து ஓடுகிற எஞ்சினில் வைத்தீர்கள். அவன் முகம் போன போக்கு! நான் என் பங்குக்கு வலது எஞ்சினின் மூடியைத் தூக்கி, உள்ளே விரலால் வழித்து நாக்கில் வைத்தேன். மிளகுக்காரி வேறு என்ன செய்வாள். கரித்தது.

"உள்ள பூராம் உப்புங்க சிஸ்டர். இது வேண்டாங்க."

"உப்பில்லாத எஞ்சின் கடக்கரையில ஏதுட்டி? வெலயக் கொறச்சுப் பேசு."

குறைத்துப் பேசினேன். பேசினேன் என்பதைவிட, பேசாமல் உட்கார்ந்திருந்தேன். மௌனம் தாங்காமல் அவனே இறங்கினான்.

ஒரு எஞ்சின் போதும், மற்றதை இங்கேயே கழித்துவிட்டால் இன்னும் குறையும் என்று நான் உங்கள் காதில் சொன்னேன். குளம் மாதிரி ஏரி, எங்கே நின்றாலும் கூப்பிடு தூரத்தில் கரை. அதற்கு எதற்கு ஜோடி? நீங்கள் கடலைப் பார்த்தபடி சொன்னீர்கள்: "ரெண்டு வேணும். ஒண்ணு நின்னா ஒண்ணு கர சேக்கும். எங்க அண்ணன் போன வள்ளத்துல ஒண்ணுதான் இருந்துச்சு." ஜோடியாகவே முன்பணம் கொடுத்தேன். வியாபாரத்தில் என் வாயை அடைத்த ஒரே வாதம் அதுதான்.

லாரியில் மலை ஏற்றியதை மலையே இன்னும் பேசுகிறது. லாரியைவிடப் படகு நீளம். வளைவுக்கு வளைவு பின்னால் எடுத்து, முன்னால் எடுத்து, மறுபடி பின்னால் எடுத்து ஏறினோம். மேலே ஒரு வளைவில் இறங்கி வந்த பஸ் ஒதுங்க இடமில்லாமல் நின்றது. பஸ்ஸிலிருந்து மொத்த ஜனமும் இறங்கி வேடிக்கை பார்த்தது. ஒரு பெரியவர், மலை முங்கப்போகிறதா, முன்கூட்டியே கப்பல் வருகிறதே என்றார். நீங்கள் லாரியிலிருந்து தலையை நீட்டி, முங்கினால் உங்களுக்கு மட்டும் டிக்கெட் கிடையாது என்றீர்கள். அவர்தான் அப்புறம் பேரப்பிள்ளைகளோடு முதல் ஆளாக ஏறினார்.

முதல் சீசனில் நாம் பட்ட பாட்டை எழுதாமல் விட்டால் மீதிக் கதை புரியாது. கடலில் சீறிய எஞ்சின் இங்கே கறுப்புப் புகை விட்டுத் திணறியது. நீங்கள் பிளக்கை மாற்றினீர்கள். பெட்ரோல் பங்க்காரனைத் திட்டினீர்கள். சம்பளத்துக்கு வைத்திருந்த படகோட்டி ஆளை ஏற்றுகிற விதம் சரியில்லை என்றீர்கள். ஒருநாள் நீங்கள் சலித்துப்போய் உட்கார்ந்திருந்தபோது, எங்கள் மொபட் வழக்கத்தைச் சொன்னேன். மலையேறுகிற வியாபாரிகள் எல்லாரும் மேல் வளைவு ஒன்றில் நிறுத்தி, கார்ப்பரேட்டரில் காற்றுத் திருகைக் கொஞ்சம் திறந்துவிடுவோம். இறங்கினால் அடிவாரத்தில் காளப்பநாயக்கன்பட்டி டீக்கடை வாசலில் நிறுத்தி மறுபடி மூடுவோம். மேலே காற்று கம்மி, அதே பெட்ரோல் போனால் வண்டிக்கு மூச்சு முட்டும். நீங்கள் என்னை முறைத்தீர்கள்.

"இத மொதல்லயே சொல்லப்படாதா?"

"நீங்க கேக்கலீங்களே. கடல்காரங்களுக்கு எல்லாம் தெரியும்னு இருந்துட்டேன்."

பெட்ரோல் குறைவாகப் போகிற சின்ன ஜெட் வாங்கிக் கார்ப்பரேட்டரில் போட்டோம். அன்று ஏரியில் நீங்கள் போடச் சொன்ன வேகத்தில் பெடல் படகெல்லாம் தொட்டில் மாதிரி ஆடியது. வலது பக்கத்து சீட்டில் உட்கார்ந்து, விரித்த முடி பறக்க, என்னை நேராக ஓட்டு, நேராக ஓட்டு என்று விரட்டினீர்கள்.

சரி, இப்போதைய கதைக்கு வருகிறேன். ரிசார்ட்காரர் போனதும் உங்கள் ஊர்த் துறைமுகத்திலிருந்து ஒரு மெக்கானிக்கை வரவழைத்தேன். உங்கள் குடும்பத்தைத் தெரிந்தவன், நல்ல வேலைக்காரன். அவன் போனில் பெண்டாட்டியை "ஏட்டி" என்று கூப்பிட்டான். நான் திரும்பிப் பார்த்துவிட்டேன். வெட்கக்கேடு.

பிளக்குகளைக் கழற்றி, துளையில் கேஜை வைத்து அழுத்தி, எஞ்சினைச் சுற்றிக் கம்ப்ரஷன் பார்த்தான். முள் எவ்வளவு ஏறுகிறதோ அவ்வளவு தெம்பு உள்ளே இருக்கிறது என்று அர்த்தம். இடது எஞ்சினில் முள் ஏறியது, ஆனால் அவன் எதிர்பார்த்த இடத்துக்கு வரவில்லை. வலது எஞ்சினில் ஒரு சிலிண்டருக்கு முள் அசையவே சோம்பல் பட்டது.

"ரெண்டுமே எறங்கிப் போச்சுக்கா. பிரிச்சு ஓவராயில் பண்ணுனா தண்டச் செலவு. கழட்டிப் போட்டுட்டுப் புதுசு மாட்டுங்க."

நல்லெண்ணத்தில்தான் சொன்னான். ஆனால் புது எஞ்சின் என்றால் என்ன? உள்ளே கம்ப்யூட்டர் இருக்கிறதாம். மக்கர் செய்தால் இந்த மலையில் தொட்டுப் பார்க்க ஆள் கிடையாது. கூட்டம் வருகிற நாளைவிட வராத நாள் அதிகமான ஏரிக்கு, ஜோடியாகப் புதுசு வாங்குவது கறவை மாட்டை வாங்கித் தார்ப்பாய் போட்டு மூடி வைப்பது மாதிரி. மிளகுக் காசை எடுத்துப் படகில் கொட்டினால் செய்யலாம். செய்ய மாட்டேன். படகுச் செலவைப் படகுதான் பார்த்துக்கொள்ள வேண்டும். அது நாம் இரண்டு பேரும் சேர்ந்து வைத்த சட்டம்.

ராத்திரி படுத்தும் அந்த இடது எஞ்சின் முள் மனசில் உறுத்தியது. எல்லாச் சிலிண்டரும் ஒரே மாதிரி குறைவாகக் காட்டியது. மூட்டை மிளகில் பதர் இருந்தால் ஒரு பிடியில் அதிகம் இருக்கும், ஒரு பிடியில் இருக்காது. ஒவ்வொரு பிடியும் ஒரே மாதிரி எடை குறைந்தால் நான் மிளகைச் சந்தேகப்பட மாட்டேன், தராசைச் சந்தேகப்படுவேன். காலையில் மெக்கானிக்கிடம், இந்தக் கேஜில் எங்கே பார்த்துப் பழக்கம் என்று கேட்டேன்.

"துறைமுகத்துலதாங்க்கா. வேற எங்க?"

"இங்க சோறு வேகவே உங்கூரைவிட நேரமாவுது சாமி. உன் முள்ளு மட்டும் அங்கத்த மாதிரியே நிக்குமா?"

அவன் யோசித்தான். எனக்கு யோசனை போதாது, எடை போட வேண்டும். தராசில் சந்தேகம் வந்தால் வியாபாரி என்ன செய்வான்? அதே மூட்டையை இன்னொரு தராசில் வைப்பான். என் மொபட்டின் பிளக்கைக் கழற்றி, ஏரிக்கரையிலேயே அளக்கச் சொன்னேன். முள் நின்ற இடத்தில் கேஜ் கண்ணாடிமேல் மை வைத்துக்கொண்டோம். மொபட்டை டெம்போவில் போட்டு, அவனையும் ஏற்றிக்கொண்டு காளப்பநாயக்கன்பட்டியில் இருக்கிற என் மிளகு குடோனுக்கு இறங்கினேன். குடோன் வாசலில் அதே மொபட், அதே கேஜ். முள் மையைத் தாண்டிப் போய் நின்றது.

அவன் கேஜைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். அப்புறம் சிரித்தான். "எங்கூர்க் கணக்க இங்க வந்து போட்டுட்டேன்க்கா. இடது எஞ்சின் நல்லாத்தான் இருக்கு" என்றான். அவன்மேல் தப்பில்லை. நீங்கள் ஒரு சீசன் முழுக்கச் செய்ததை அவன் ஒரு நாளில் முடித்தான், அவ்வளவுதான். கடற்கரையிலிருந்து வருகிற எல்லாரும் இந்த மலையில் முதலில் இதைத்தான் செய்கிறீர்கள்.

பழைய பெட்ரோல் பிசினாகி இடது கார்ப்பரேட்டரின் காற்றுத் துளையை அடைத்திருந்தது. புகைக்கு அதுதான் காரணம். ரிங், சீல், தண்ணீர் பம்ப், இவ்வளவு மாற்றினால் போதும் என்றான். வலது எஞ்சினைத் திறந்து, டார்ச்சை அடித்துக் காட்டினான். சிலிண்டர் சுவரில் நகத்தால் கீறின மாதிரி கோடுகள். தண்ணீர் ஓடுகிற வழியெல்லாம் வெள்ளையாக உப்பு அரித்து ஓட்டை. ஜெட்டுக்கும் உயரத்துக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. இது நம்மிடம் வருவதற்கு முன்பே தொடங்கிய வியாதி. அன்றைக்கே நாக்கில் வைத்துச் சொன்னேன், சிஸ்டர். குத்திக்காட்டவில்லை. சரி, குத்திக்காட்டத்தான் செய்கிறேன்.

விஷயம் ஊருக்குப் பரவியது. படகில் ஏறிப் பழகியவர்கள் ஒவ்வொருத்தராக வந்தார்கள். சிஸ்டர் கை வைத்த எஞ்சின், அவர் நினைவுக்காவது இரண்டையும் ஓட வைத்துவிடுங்கள் என்றார்கள். நல்ல மனசு. ஆனால் நினைவு போய் சிலிண்டரில் விழுந்த கோட்டை அடைக்காது. காயம் அழுகிவிட்டால் கட்டுப் போட்டு மூடாதே என்று இந்த மலைக்கே சொல்லிக்கொடுத்தது யார்? நீங்கள்தான். பிரித்தேன். வலது எஞ்சினில் நன்றாக இருந்த ஸ்டார்ட்டரையும் கியரையும் எடுத்து இடது எஞ்சினுக்குக் கொடுத்தேன். மிச்சத்தைக் கடையில் போட்டேன். இரும்பு விலைக்கு, அதுவும் பேரம் பேசித்தான்.

அன்று மட்டும் ஒரு காட்சி விடாமல் திரும்பத் திரும்ப வந்தது. உங்களை அடக்கத்துக்குக் கடற்கரைக்குக் கொண்டுபோக உங்கள் சொந்தக்காரர்கள் வந்த நாள். ஆம்புலன்ஸில் இடம் குறைவு. நான் ஏறிக்கொண்டபோது உங்கள் அண்ணன் மகன், நீங்கள் சிஸ்டருக்கு என்ன வேண்டும் என்று கேட்டார். மரியாதையாகத்தான் கேட்டார். "நான் படகுல பாதிங்க" என்றேன். அவருக்குப் புரியவில்லை. ஆனாலும் நகர்ந்து இடம் விட்டார். எல்லா வளைவும் இறங்கும்வரை நீங்கள் புரண்டுவிடாமல் கையால் பிடித்துக்கொண்டே போனேன். அந்தப் படகில் உங்கள் பாதியை நான் பூந்தொட்டிக்கு விற்பேனா?

இன்று காலை படகைத் தண்ணீரில் இறக்கினோம். ஸ்டெதாஸ்கோப்பை இடது எஞ்சினில் வைத்துக் கேட்டேன். உங்களுக்கு என்ன கேட்கும் என்று எனக்குத் தெரியாது. எனக்கு, அரைக்கிற மிஷின் சீராக ஓடினால் எப்படி இருக்குமோ அப்படிக் கேட்டது. போதும் என்று மாட்டிக்கொண்டேன். ரிசார்ட்காரர் கரையில் வந்து கைகட்டி நின்றார். வரட்டும், பார்க்கட்டும்.

நடு ஏரிக்குப் போனதும் படகின் மூக்கு வலது பக்கம் இழுத்தது. தள்ளுகிற எஞ்சின் இடது ஓரத்தில் மட்டும் இருந்தால் அப்படித்தான் இழுக்கும். மெக்கானிக், இந்த எஞ்சினை நடுவுக்கு மாற்றி மாட்டிவிடலாம், பழைய போல்ட் துளைகளை அடைத்துவிட்டால் படகு தானாக நேராகப் போகும் என்றான். தொழில் தெரிந்தவன் சொல்கிற சரியான யோசனை. வேண்டாம் என்றேன். வலது பக்கத்துத் துளைகளுக்கு ரப்பர் மூடிதான் போட்டிருக்கிறேன், அடைக்கவில்லை. இந்தப் படகு இரண்டு எஞ்சின் படகு. படகு சம்பாதிக்கிற அன்றைக்கு அந்த இடத்துக்கு இன்னொன்று வரும். கடன் வாங்கி வராது, அழுது வராது, சம்பாதித்து வரும். அதுவரைக்கும் ஒன்று. துணைக்கு நல்ல துடுப்பு இரண்டு உள்ளே கிடக்கிறது. கோபித்துக்கொள்வீர்கள் என்று தெரியும். கோபித்துக்கொள்ளுங்கள். ஒன்று நின்றால் ஒன்று கரை சேர்க்கும் என்று சொன்னதும் நீங்கள்தானே.

எழுதுகிறபோது இடது மணிக்கட்டு வலிக்கிறது. காலை முழுக்க ஸ்டியரிங்கை இடது பக்கம் இழுத்துப் பிடித்திருந்த வலி. பிடித்தே இருந்தால் படகு நேராகப் போகிறது. பிடியைத் தளர்த்தினால் உடனே வலது பக்கம், நீங்கள் உட்காருகிற பக்கம், திரும்பிவிடுகிறது. ஏரியை முழுசாக ஒரு சுற்றுச் சுற்றிக் கரைக்கு வந்தேன். கை விடவில்லை. நேராகத்தான் ஓட்டினேன், சிஸ்டர்.